கடல் நாளும் கரை நாளும்: நடுப் பருவத்தில் கோச்சை மாற்றிய ஒரு பாஸ்கெட்பால் அணி

பாக் நீரிணையை ஒட்டி, தொண்டிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊரின் பாஸ்கெட்பால் கழகத்தில் 2023 ஆகஸ்ட் முதல் 2024 செப்டம்பர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கழகத்தின் செயலாளர் நான்தான். ஸ்கோர் புத்தகமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும்போது கோச்சை மாற்றலாமா என்று யோசிக்கும் மற்ற கழகங்களுக்கு இது பயன்படும்.

பின்னணி

எங்கள் கோர்ட் சிமெண்ட் தரை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அனுப்பிய பணத்தில் 2011-ல் போட்டது. கடல் கூப்பிடு தூரம்தான். உப்புக் காற்றில் ரிங் துருப்பிடித்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தரை முழுக்க மணல் பொடி படியும். அதன்மேல் ஓடினால் கால் வழுக்கி முட்டி போய்விடும். அதனால் ஆட ஆரம்பிக்கும் முன்பு இரண்டு பேர் நனைத்த கோணிச்சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இந்த ரிங்கிலிருந்து அந்த ரிங் வரை குனிந்தபடி இழுத்துக்கொண்டு போவார்கள். 2012 முதல் அந்தச் சாக்கின் ஒரு முனை மாஸ்டர் கையில்தான் இருந்தது.

மாஸ்டர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். சம்பளம் வாங்கியதில்லை. காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்கள் அணிக்கு என்று இரண்டு வேளையும் வருவார். அணியில் 14 பேர். ஐந்து பேர் விசைப்படகில் போகிறவர்கள். நான்கு பேர் ராமநாதபுரத்தில் கல்லூரி. மற்றவர்கள் கடை, ஐஸ் கம்பெனி, இன்ஜின் மெக்கானிக் வேலை. மாஸ்டருடைய ஆட்டம் எப்போதும் ஒன்றுதான்: முழுக் கோர்ட்டிலும் ஆளுக்கு ஆள் பிடித்து நெருக்குவது, பந்தைப் பறித்ததும், எதிரணி திரும்பும் முன்பே ஓடிப் போடும் ஃபாஸ்ட் பிரேக். அதை வைத்து 2019-லும் 2022-லும் கோடைப் போட்டிகளில் கோப்பை வாங்கியிருக்கிறோம்.

அந்த ஆட்டத்துக்கு அச்சாணி எங்கள் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன். 2023 ஜூனில் அவன் கத்தாருக்கு வேலைக்குப் போனான். எங்கள் ஊரில் ஆள் வெளிநாடு போவது ஒரு செய்தியே இல்லை. வீட்டுக்கு வீடு ஒருவர் போயிருக்கிறார். அணியிலிருந்து எது போனது என்பதை நாங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்டது

ஆகஸ்ட் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை 9 ஆட்டம் ஆடினோம். 2 வெற்றி, 7 தோல்வி. ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு குவார்ட்டர். அந்த ஏழில் ஐந்து ஆட்டங்களில் மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது நாங்கள் முன்னிலையிலோ சமநிலையிலோ இருந்தோம். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் போனது. கால் நகராமல் கையை நீட்டி ஃபவுல் செய்வார்கள். குவார்ட்டரில் ஐந்தாவது டீம் ஃபவுல் ஆனதும் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்க ஆரம்பிக்கும். எங்களுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் பாதிகூட விழாது. ஐந்து பெர்சனல் ஃபவுல் ஆகி, ரீபவுண்ட் (விழாத ஷாட்டில் திரும்பி வரும் பந்து) எடுக்கும் பையன் பெஞ்சுக்கு வந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவான்.

இதையெல்லாம் பார்த்தவர்கள் சொன்னது ஒன்றுதான். "மாஸ்டர் பழைய ஆளு. ஆட்டம் மாறிப்போச்சு." டீக்கடையில் அது முடிந்த முடிவாகவே பேசப்பட்டது. ஜெர்சியும் பந்தும் வாங்கித் தருகிற எங்கள் ஸ்பான்சர், துபாயில் இருக்கும் ஒரு காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். புது கோச் கொண்டுவந்தால் சம்பளத்தை அவரே தருவதாகச் சொன்னார்.

ஜனவரி 28 கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை மாலை கமிட்டி கூடியது, ஒன்பது பேர். அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் மில்வாக்கி அணி தன் கோச் ஏட்ரியன் கிரிஃபினை நீக்கியிருந்தது. அணி அப்போது 30 வென்று 13 தோற்ற நிலையில் இருந்தது. எங்கள் இளம் உறுப்பினர் ஒருவர் அந்தச் செய்தியைப் போனில் காட்டி, "முப்பது ஜெயிச்சவனே மாத்துறான். நாம ஏழு தோத்துட்டு யோசிக்கிறோம்" என்றார். 2016-ல் கிளீவ்லேண்டு செய்ததையும் சொன்னார். கோச் டேவிட் பிளாட்டை நீக்கியபோது அந்த அணி 30 வென்று 11 தோற்றிருந்தது. டைரன் லூ பொறுப்பேற்றார். அந்த ஜூனிலேயே, இறுதிச் சுற்றில் 3-1 என்று பின்தங்கியிருந்து எழுந்து சாம்பியன் ஆனார்கள்.

மறுபக்கம் பேசிய மூத்த உறுப்பினர் சான் அன்டோனியோவைச் சொன்னார். ஒரே கோச் கிரெக் பாப்பவிச்சை வைத்துக்கொண்டு 5 சாம்பியன்ஷிப் வாங்கிய அணி. சரியான உதாரணம்தான். ஆனால் அந்த பாப்பவிச்சே நடுப் பருவ மாற்றத்தில் வந்தவர் என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. 1996 டிசம்பரில் அணி 3 வென்று 15 தோற்றிருந்தபோது, பொது மேலாளராக இருந்த அவர் பாப் ஹில்லை நீக்கிவிட்டுத் தானே கோச் ஆனார். அந்தப் பருவத்தில் முக்கிய ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயத்தால் 6 ஆட்டம்தான் ஆடினார். பாப்பவிச் வந்த பிறகும் அவர்கள் 17 வென்று 47 தோற்றார்கள். அடுத்த ஆண்டு டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) டிம் டங்கன் என்ற பெரிய ஆட்டக்காரர் கிடைத்து, ராபின்சனும் திரும்பிய பிறகுதான் கதை மாறியது.

இன்னொன்றையும் யாரும் யோசிக்கவில்லை. என்.பி.ஏ.வில் கோச்சை மாற்றுவதற்குப் பாதிக் காரணம், ஆட்டக்காரர்களை மாற்ற முடியாததுதான். 15 பேருடைய ஒப்பந்தமும் சம்பள வரம்பும் கையைக் கட்டிப் போட்டிருக்கும். ஒருவரை மாற்றுவது சுலபம் என்று கோச்சை மாற்றுகிறார்கள். எங்களுக்கு அந்தக் கட்டு எதுவும் இல்லை. நாங்கள் எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்: பயிற்சி நேரத்தை, ஆடும் முறையை, யார் எவ்வளவு நேரம் ஆடுவது என்பதை.

வாக்கு 6-3. நான் மாற்றத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினேன். மே மாதம் கோடைப் போட்டி. அதற்கு மூன்று மாதம் இருந்தது. ஸ்பான்சர் விலகினால் பந்து வாங்கவும் வழி கிடையாது. பையன்கள் முகத்தில் தெரிந்த சோர்வும் ஒரு காரணம். புது ஆள் வந்தால் எழுந்து நிற்பார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். ஸ்கோர் புத்தகம் அன்று என் பையில்தான் இருந்தது. கடைசி ஒன்பது ஆட்டத்தின் மொத்தப் புள்ளியைத் தவிர வேறு எதையும் நான் புரட்டிப் பார்க்கவில்லை.

மாஸ்டரிடம் நேரில் போய்ச் சொல்லும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. திங்கள் போகலாம் என்று இருந்தேன். திங்கள் போகவில்லை. செவ்வாய் காலை அவர் டீக்கடையில் அதைக் கேள்விப்பட்டார். அன்று மாலை கோர்ட்டுக்கு வந்து, பந்துப் பையின் சாவியையும் விசிலையும் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். இந்த ஆய்வில் என் தவறு என்று தனியாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

புது கோச்சின் எட்டு வாரம்

பிப்ரவரி 9 வெள்ளிக்கிழமை புது கோச் வந்தார். பெரிய ஊர், முறையாகப் படித்தவர், அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. வெள்ளி முதல் ஞாயிறு வரை இங்கே தங்குவார். ஆளுக்கு ஆள் பிடிப்பதை நிறுத்தி 2-3 ஜோன் டிஃபென்ஸ் (முன்னால் இரண்டு பேர், ரிங் பக்கம் மூன்று பேர்) கொண்டுவந்தார். விரல் சைகையோடு 11 செட் பிளே, அதாவது முன்கூட்டியே திட்டமிட்ட நகர்வுகள், சொல்லித்தந்தார். மாலை 5.30-க்கு விசில். வாரத்தில் இரண்டு பயிற்சி தவறினால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச்.

முதல் இரண்டு ஆட்டமும் வென்றோம். ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். பின்னால் பார்த்தால் அந்த இரண்டு அணிகளையும் முந்தின வருடமும் நாங்கள் வென்றிருக்கிறோம். தொடர்ந்து தோற்ற அணி யார் வந்தாலும் வராவிட்டாலும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்றிரண்டு வெல்லத்தான் செய்யும். புது ஆள் வந்த வாரத்தில் அது நடந்தால் பெயர் அவருக்குப் போகிறது.

அடுத்த நான்கும் தோல்வி. காரணம் கண்முன்னே இருந்தது. எங்கள் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) வாங்கி, காலையில் கிளம்பி, இரவு முழுக்க வலை இழுத்து, மறுநாள் காலை கரைக்கு வரும். மீனை இறக்கி, ரகம் பிரித்து, வலை சரி செய்து வீட்டுக்குப் போக மதியமாகும். அந்தப் பையன்களுக்கு வாரத்தில் இரண்டு பயிற்சி தவறுவது என்பது அவர்கள் கையில் இல்லை. இரண்டு நல்ல ரீபவுண்டர்களும் படகில் போகிறவர்கள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

ஜோன் டிஃபென்ஸில் இடத்தைக் காப்பார்கள், ஆளைக் காக்கமாட்டார்கள். அதனால் ஷாட் எழும்போது யாரை உடம்பால் மறித்து பாக்ஸ் அவுட் செய்வது என்பதில் தடுமாற்றம் வரும். நல்ல ரீபவுண்டர் இல்லாமல் ஜோன் ஆடினால் எதிரணிக்கு ஒரே தாக்குதலில் இரண்டு மூன்று வாய்ப்பு கிடைக்கும். எங்களுக்கு அதுதான் நடந்தது.

மார்ச்சில் நோன்பு தொடங்கியது. அணியில் ஆறு பேர் நோன்பு வைப்பவர்கள். மாலை 5.30 என்பது நோன்பு திறக்கிற நேரத்தோடு மோதியது. மாஸ்டர் காலத்தில் ரமலானில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து இரவு 10 மணிக்கு லைட் போட்டு ஆடுவது வழக்கம். யாரும் அதை எழுதி வைக்கவில்லை. மாஸ்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். புது கோச்சிடம் இதை நாங்கள் சொன்னதே இரண்டு வாரம் கழித்து. கேட்டதும் நேரத்தை மாற்றினார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

ஏப்ரல் 7 அன்று அவரே முடிவெடுத்தார். "உங்க டீமுக்குக் கூடவே இருக்கிற ஆள்தான் சரி. வாரத்துக்கு மூணு நாள் வர்றவன் சரிப்படமாட்டான்" என்று சொல்லி, அந்த மாதச் சம்பளத்தையும் வாங்காமல் போனார்.

ஸ்கோர் புத்தகம்

அதற்குப் பிறகுதான் நான் மூன்று வருட ஸ்கோர் புத்தகங்களையும் கையில் எடுத்தேன். பக்கத்தில் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு, படகு என்றைக்குப் போனது, என்றைக்குக் கரை சேர்ந்தது என்று ஒரு படகு உரிமையாளரிடம் கேட்டுக் குறித்தேன். இரண்டு இரவு ஆனது.

மாஸ்டர் காலத்தின் அந்த ஏழு தோல்விகளில் ஐந்து, படகு கரை சேர்ந்த அன்றே, அதாவது கரை நாளிலேயே, நடந்தவை. முந்தைய இரவு கண் மூடாத பையன்கள் முழுக் கோர்ட்டும் ஓடி நெருக்கியிருக்கிறார்கள். மூன்று குவார்ட்டர் தாங்கியது, நான்காவதில் கால் விட்டது. முந்தைய வருடங்களிலும் கரை நாளில் ஆடியிருக்கிறோம். ஆனால் அப்போது பாயிண்ட் கார்டு பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை ஆற்றிவிடுவான், மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அவன் போன பிறகு அந்த வேலை 17 வயதுப் பையன் தலையில் விழுந்தது. பந்து பறிபோகும், மறுபடி திரும்பி ஓட வேண்டும்.

மாஸ்டர் பக்கமும் தவறு உண்டு. ஆள் போன பிறகும் அவர் நெருக்கும் ஆட்டத்தை விடவில்லை. முதல் ஐந்து பேரையே 35 நிமிடத்துக்கு மேல் ஆடவிட்டார். முறையை மாற்ற வேண்டியிருந்தது உண்மை. அதற்காக ஆளை மாற்ற வேண்டியிருந்ததா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

மில்வாக்கியிலும் இதே நூல் ஓடுவதை அப்போதுதான் கவனித்தேன். 2023 செப்டம்பரில் டேமியன் லில்லார்ட் என்ற ஆட்டக்காரரைப் பெறுவதற்காக, தங்கள் சிறந்த டிஃபென்ஸ் கார்டு ஜூரூ ஹாலிடேயைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு டிஃபென்ஸ் சரியில்லை என்ற குறை, முதன்முறையாகத் தலைமைக் கோச் ஆன கிரிஃபின் மேல் விழுந்தது. வெளியிலிருந்து வந்த டாக் ரிவர்ஸ் 17 வென்று 19 தோற்றார். முதல் சுற்றிலேயே இந்தியானாவிடம் 4-2 என்று வெளியேறினார்கள். அந்தச் சுற்றில் அணியின் முக்கிய ஆட்டக்காரர் யானிஸ் அந்தெடொகும்போ காயத்தால் ஒரு ஆட்டமும் ஆடவில்லை, ஆகவே பழியை ரிவர்ஸ் மேல் மட்டும் போடவும் முடியாது. கிளீவ்லேண்டின் லூ வேறு கதை. அவர் பிளாட்டின் உதவிக் கோச்சாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். யாருக்கு எப்போது மூச்சு வாங்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

மாஸ்டர் வீட்டில்

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஃபவுல் கட்டங்களில் ஆட்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நான்காவது குவார்ட்டர் வரும்போதெல்லாம் விரல் நின்றது. ஓரத்தில் நான் பென்சிலால் எழுதியிருந்த 'கரை' என்ற சொல்லைப் பார்த்தார்.

"இதை ஜனவரியிலயே கொண்டாந்திருக்கலாமே தம்பி" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நானும் பார்த்திருக்கணும். ஓடுறானுங்கன்னுதான் பார்த்தேன், தூங்குனானுங்களான்னு கேட்கல" என்றார்.

பெரிய அணிக்குத் திரும்ப வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். யாரைப் போடலாம் என்று கேட்டேன். ரிங் பக்கம் ஆடிய எங்கள் பழைய பிவட், 34 வயது, படகு இன்ஜின் மெக்கானிக், அவர் பெயரைச் சொன்னார். "அவனுக்கு எந்த போட் எப்ப வரும்னு தெரியும். பயலுக அவன் சொன்னா கேப்பானுங்க."

தடைக்காலத்துப் பயிற்சி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது. அத்தனை பேரும் கரையில் இருப்பார்கள். மெக்கானிக் அண்ணன் அதை முழுதாகப் பயன்படுத்தினார். முழுக் கோர்ட் நெருக்கத்தை விட்டு அரைக் கோர்ட்டில் ஆளுக்கு ஆள் பிடிக்கச் சொன்னார். பத்துப் பேரைச் சுழற்றி, 40 நிமிடத்தில் யாரும் 28 நிமிடத்துக்கு மேல் ஆடாதபடி பார்த்துக்கொண்டார். பந்தைக் கொண்டுவரும் வேலையை 17 வயதுப் பையனோடு இன்னொருவனுக்கும் பகிர்ந்தார். புது கோச் கொடுத்த 11 செட் பிளேயில் இரண்டை வைத்துக்கொண்டார். அந்த இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. ஃப்ரீ த்ரோவை மட்டும் ஓட்டத்துக்குப் பிறகு போடச் சொன்னார். கோர்ட்டை நான்கு முறை குறுக்கே ஓடி, மூச்சிரைக்கும்போதே இரண்டு ஷாட். விழாவிட்டால் மறுபடி ஓட்டம்.

மே கோடைப் போட்டியில் மூன்று ஆட்டம் வென்று, அரையிறுதியில் 6 புள்ளியில் தோற்றோம். தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பிய பிறகு செப்டம்பர் வரை 7 ஆட்டம். 4 வெற்றி, 3 தோல்வி. பிரமாதம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைசிக் குவார்ட்டரில் சரிவது நின்றுவிட்டது. ஸ்பான்சர் காக்காவுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. வெளிக்கோச் வேண்டும் என்று இப்போதும் சொல்கிறார்.

மறுபடி செய்தால்

கோச்சைப் பற்றிப் பேச உட்காரும் முன்பு, கடந்த வருடம் அணியை விட்டுப் போனவர்கள் யார், அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுவேன். ஸ்கோர் புத்தகத்தைக் குவார்ட்டர் வாரியாகப் பிரித்து மேஜையில் வைப்பேன். அதைக் கோச்சுக்கும் காட்டி, முறையை மாற்ற ஆறு ஆட்டம் அவகாசம் கொடுப்பேன். அதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால் தள்ளிப்போடமாட்டேன். ஆனால் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது வெளியிலிருந்து ஆள் தேடமாட்டேன். பெஞ்சில் ஏற்கெனவே இருப்பவரைப் பார்ப்பேன். வெளி ஆள் என்றால் தடைக்காலத் தொடக்கத்தில்தான், அதுவும் படகு நாள், நோன்பு நேரம், கல்லூரித் தேர்வு எல்லாம் எழுதிய தாளோடு. முடிவான அன்று இரவே அவர் வீட்டுக்குப் போவேன்.

இப்போது எங்கள் ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு ஆட்டத்தின் மேல் மூலையிலும் 'கடல்' அல்லது 'கரை' என்று எழுதுகிறோம். கரை நாளில் ஆட்டம் கேட்டால் தேதி மாற்றித் தரச் சொல்கிறோம், பெரும்பாலும் தருகிறார்கள்.

மாஸ்டர் ஜூன் முதல் காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருகிறார். ஜனவரியில் 22 பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர் நின்ற பிறகு ஒன்பதாகக் குறைந்தது. செப்டம்பர் கடைசியில் எண்ணியபோது 17. மிச்சம் ஐந்து பேரில் இரண்டு பையன்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் வீட்டுக்கு நான் இரண்டு முறை போய் வந்தேன். இன்னும் வரவில்லை.